புதுப்பிப்பு: பழைய மேக்கில் சிவிலைசேஷன் 4 ஓடிவிட்டது

ரெட்டினா திரை இல்லாத என் 2012 மேக்புக் ப்ரோவில் சிவிலைசேஷன் 4 என்ற கணினி விளையாட்டு திறக்கவே மாட்டேன் என்கிறது, ராம் போதவில்லையோ என்று கேட்டிருந்தேன் இல்லையா, காரணம் அது இல்லை. இடையில் மேக்கின் இயங்குதளத்தைக் கேட்டலினா என்ற பதிப்புக்கு மாற்றியிருந்தேன். 2019இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்து 32 பிட் நிரல்கள் (பழைய வகை நிரல்கள், இந்த ஆட்டமும் அதில் ஒன்று) ஓடாது, எவ்வளவு ராம் போட்டாலும் ஓடாது. அதனால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி மாட்டி, 32 பிட்டை ஏற்கும் கடைசிப் பதிப்பான மொஹாவேயைப் போட்டேன். உடனே திறந்தது! அப்புறம் ராமையும் 4 ஜிபியிலிருந்து 16 ஆக்கினேன், சரி, அது வெறும் ஆசைதான், 32 பிட் நிரல் 4 ஜிபிக்கு மேல் தொடவே முடியாது. சேமித்த ஆட்டம் இப்போது சட்டென்று வருகிறது, அது எஸ்எஸ்டியின் புண்ணியம். பெரிய வரைபடத்தில் கடைசிச் சுற்றுகள் மட்டும் இன்னும் ஊர்கின்றன. அது ப்ராசஸர் வேலை, போர்டோடு பற்றவைத்திருப்பதால் மாற்ற வழியில்லை.