ஒரு மிடறு தண்ணீருக்கு ஒரு தங்கக் கட்டி: அந்தக் கட்டி எத்தனை கிலோ?

உரைகல்:
பழைய தொடர்கள் இழையில் வெள்ளவத்தை_44 எழுதியதை வாசித்தேன். 'ட்வைலைட் ஸோன்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் 1961 ஏப்ரல் 21 அன்று ஒளிபரப்பான 'தி ரிப் வான் விங்கிள் கேப்பர்' பற்றி. "கொள்ளை, குகை, பாலைவன நடை எல்லாம் அப்படியே நடக்கக்கூடியது, கடைசித் திருப்பம்தான் நம்ப முடியாதது" என்கிறார். தலைகீழாகச் சொல்கிறார். அதை அப்படியே விட்டுப் போக மனம் வரவில்லை.

பார்க்காதவர்களுக்கு: அமெரிக்க அரசின் தங்கக் களஞ்சியமான ஃபோர்ட் நொக்ஸில் இருந்து லொஸ் ஏஞ்சலிஸுக்குப் போகும் ரயிலில் பத்து லட்சம் டொலர் தங்கத்தை நால்வர் கொள்ளையடிக்கிறார்கள். டெத் வலி (Death Valley) என்ற பாலைவனப் பள்ளத்தாக்கில் ஒரு குகைக்குள் கண்ணாடிப் பெட்டிகளில் படுத்து, வாயுவின் உதவியால் நூறு வருடம் தூங்குகிறார்கள். ஒருவன் பெட்டியில் கல் விழுந்து எலும்புக்கூடாகிறான். இன்னொருவனை டி குரூஸ் என்ற கூட்டாளி லொறியால் ஏற்றிக் கொல்கிறான், லொறியும் பள்ளத்தில் போகிறது. மிஞ்சிய இருவரும் தங்கத்தை முதுகில் சுமந்து நடக்கிறார்கள். பேராசிரியர் ஃபார்வெல்லிடம் தண்ணீர் இல்லை. டி குரூஸ் ஒரு மிடறுக்கு ஒரு கட்டி கேட்கிறான், பிறகு இரண்டு கேட்கிறான். ஃபார்வெல் அவனைக் கட்டியாலேயே அடித்துக் கொல்கிறார். கடைசியில் காரில் வந்தவரிடம் தங்கத்தை நீட்டியபடி சாகிறார். அந்த மனிதருக்கோ அது ஒரு பொருட்டே இல்லை, ஏனென்றால் தங்கத்தைத் தொழிற்சாலையில் செய்யும் காலம் வந்துவிட்டது.

இப்போது கணக்கு. அன்று அவுன்ஸ் 35 டொலர். பத்து லட்சத்துக்கு 28,571 அவுன்ஸ், அதாவது 889 கிலோ. ஃபோர்ட் நொக்ஸ் கட்டி 400 அவுன்ஸ், பன்னிரண்டரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் எழுபத்தொரு கட்டி. இதை முதுகில் போட்டுக்கொண்டு பாலைவனத்தில் நடப்பது "அப்படியே நடக்கக்கூடியது" என்றால் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

வெள்ளவத்தை_44:
பேச ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஒரு பக்கம் எழுதுவது உங்கள் வழக்கம்தானே அண்ணே. அவுன்ஸ் என்றால் 28.35 கிராம். 400 அவுன்ஸ் 11.34 கிலோ. முதல் வரியிலேயே கட்டிக்கு ஒரு கிலோ கூட்டிவிட்டீர்கள். எழுபத்தொரு கட்டியையும் யாரும் சுமக்கவில்லை, ஆளுக்குச் சில கட்டிகள்தான். புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் நாட்டாமிகள் ஐம்பது கிலோ சீனி மூட்டையை நாள் முழுக்கத் தூக்குகிறார்கள். நாலு கட்டி 45 கிலோ. உயிருக்குப் போராடும் மனிதன் தூக்கமாட்டானா?

உரைகல்:
தங்கத்தை நிறுப்பது ட்ரோய் அவுன்ஸில். 31.1 கிராம். மரக்கறிக் கடைத் தராசுக் கணக்கை நகைக்கடைகள் இருக்கும் செட்டியார் தெருவுக்குக் கொண்டுவராதீர்கள். 400 × 31.1 = 12.44 கிலோ. உங்கள் நாலு கட்டி 45 கிலோ அல்ல, கிட்டத்தட்ட 50.

நாட்டாமி தூக்குவது லொறியில் இருந்து கடைக்குள், சில பத்து அடி. மூட்டை தோளிலும் கழுத்திலும் பரந்து கிடக்கும், பாரம் பகிரப்படும். கட்டி ஏழு அங்குல நீளம், மூன்றேமுக்கால் அங்குலத்துக்கும் குறைந்த அகலம். நாலு கட்டியை கான்வாஸ் பையில் போட்டால் அடியில் போய் ஒரே இடத்தில் குவியும். இடுப்பை இழுக்கும், முதலில் பையின் தையல் விடும், பிறகு வார் தோளை அறுக்கும். ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி, தோள்பட்டை எலும்புக்கு நேராக உயரத்தில் கட்டினால்தான் கொஞ்ச தூரமாவது போகலாம். அவர்கள் அதைச் செய்யவில்லை. அமெரிக்க இராணுவக் கையேட்டில் நடைப் பயணச் சுமை 72 இறாத்தல், ஏறக்குறைய 33 கிலோ. அது பயிற்சி பெற்ற சிப்பாய்க்கு. ஃபார்வெல் இரசாயனம் படித்தவர்.

லொறிப்பட்டறை:
இரண்டு பேரும் முதுகைப் பற்றிச் சண்டை பிடிக்கிறீர்கள். லொறியை ஒருவரும் கேட்கவில்லையே! நூறு வருடம் நின்ற வண்டி ஓடுகிறது. பெற்றோல் மூடி வைத்தாலும் ஒரு வருடத்துக்குள் கெடத் தொடங்கும். லேசான பகுதி ஆவியாகிவிடும், மிச்சம் பிசினாகி காபரேட்டர் ஜெட்டை அடைக்கும். ஈயப் பற்றறியில் அமிலம் ஊற்றி வைத்தால் தட்டில் சல்பேட் படிந்து சில வருடத்தில் செத்துவிடும். அமிலத்தைத் தனிப் போத்தலில் வைத்து, உலர்ந்த தட்டோடு பற்றறியை வைத்தால் மட்டும் ஏதோ வாய்ப்பு உண்டு. பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் வாஷர் இறுகிப்போகும், மிதித்தால் பெடல் தரைக்குப் போகும். டயர் பக்கச் சுவர் வெடிக்கும். என்ஜினுக்குள் எண்ணெய் ஊற்றி, வண்டியைக் கட்டையில் ஏற்றி வைத்தாலும் ரப்பருக்கு மருந்து கிடையாது. கதையின் பெரிய ஓட்டை இதுதான்.

வெள்ளவத்தை_44:
ஓட்டை என்று சொல்லாதீர்கள் தம்பி. மனிதனையே நூறு வருடம் தூங்கவைத்த வாயு இருக்கிறது, ரப்பருக்கு ஒரு வழி இருக்காதா? உரைகல் அண்ணே, உங்கள் பன்னிரண்டரைக்கு என்ன ஆதாரம்? திரையில் ஃபார்வெல் ஒரு கையால் கட்டியைத் தூக்கி அடிக்கிறார். அது ஒரு கிலோக் கட்டியாக இருக்கலாமே. நம் ஊரில் விமான நிலையத்தில் பிடிபடும் பிஸ்கட் எல்லாம் நூறு கிராம்தானே? எல்லாக் கட்டியும் ஒரே அளவு என்று யார் சொன்னது?

உரைகல்:
ஃபோர்ட் நொக்ஸ் சொன்னது. அங்கே இருப்பது பிஸ்கட் அல்ல. பத்துத் தோலா பிஸ்கட் 116.6 கிராம், அது கடத்தல்காரன் இடுப்பில் கட்டுவதற்கு. மத்திய களஞ்சியம் வைத்திருப்பது 400 அவுன்ஸ் கட்டி. நம் கணக்கில் ஒரு கட்டி 1,555 பவுண்.

சரி, உங்கள் ஒரு கிலோவையே எடுப்போம். 32.15 அவுன்ஸ், 1,125 டொலர். என் கட்டி 14,000 டொலர். ஒரு மிடறு தண்ணீருக்கு 14,000 டொலர் கொடுக்கும் மனிதனைப் பார்த்துத்தான் நமக்கு வயிறு கலங்குகிறது. கட்டியைச் சுருக்கினால் அந்தக் காட்சியையும் சுருக்குகிறீர்கள். பாரம் வேண்டாம் என்றால் விலையும் போகும். இரண்டையும் ஒன்றாகக் கேட்க முடியாது.

இன்னொன்று. விற்பவன் வாங்கிய விலையைத் தானே சுமக்க வேண்டும். தண்ணீர்ப் போத்தல் ஒரு லீற்றர் என்று வையுங்கள். 30 மில்லி மிடறாக விற்றால் முப்பதுக்கு மேல் போகும். மிடறுக்கு ஒரு கட்டி என்றால் 370 கிலோவுக்கு மேல். டி குரூஸ் எங்கே வைப்பான்? ஃபார்வெல்லின் பை லேசாக லேசாக அவன் பை நிலத்தைத் தொடும். வெயிலில் நடக்கிறவனுக்கு மணிக்கு ஒரு லீற்றர் வியர்வை போகும். அந்தப் பள்ளத்தாக்கில் 1913 ஜூலை 10 அன்று பதிவானது 56.7 பாகை செல்சியஸ். ஒரு மிடறு வாங்கிய ஃபார்வெல்லை விட, கட்டி வாங்கிய டி குரூஸ்தான் முதலில் விழ வேண்டும். எழுதிய ரொட் சேர்லிங் பேராசையைச் சரியாகப் பிடித்தார், நிறையைப் பிடிக்கவில்லை.

நீலக்கல்:
நிறையை விட்டுவிட்டு முடிவுக்கு வாருங்கள். செயற்கையாகச் செய்தால் விலை விழும் என்பது எப்போதும் உண்மையல்ல. பிரெஞ்சு இரசாயனவியலாளர் வெர்னொய் 1902இல் சுடரில் உருக்கி மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். இன்று கைக்கடிகாரத்துக்குள்ளும் அது இருக்கிறது. இரத்தினபுரிக் கல்லின் மதிப்புக்கு என்ன குறைந்தது? தங்கமும் அப்படியே நின்றிருக்கும். இந்த இடத்தில் வெள்ளவத்தை_44 சொன்னதே சரி.

உரைகல்:
அக்கா, கல்லும் உலோகமும் ஒன்றல்ல. வெர்னொய் கல்லை லென்ஸுக்குக் கீழ் வைத்தால் வளைந்த வளர்ச்சிக் கோடும் வாயுக் குமிழும் தெரியும். இயற்கைக் கல்லில் கோடு நேராக, கோணமாகப் போகும், ஊசி போன்ற ரூட்டைல் என்ற கனிம இழை இருக்கும். பிரித்தறிய முடிவதால்தான் விலை நிற்கிறது. தங்கத்தில் நிலையான ஐசோடோப் (ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணு வகை) ஒன்றே ஒன்று, நிறை எண் 197. உலையில் செய்தாலும் சுரங்கத்தில் எடுத்தாலும் அதே அணு. உரைத்தாலும் அமிலம் விட்டாலும் ஒரே நிறம்தான் காட்டும். அலுமினியத்தைப் பாருங்கள். 1884இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் நூறு அவுன்ஸ் அலுமினியத்தைப் பெருமையாக வைத்தார்கள். 1886இல் ஹோலும் ஹெரூவும் மின்பகுப்பு முறையைக் கண்டார்கள், விலை சரிந்தது. இன்று அதில் குடத்து மூடி செய்கிறோம். மலிவாகச் செய்ய முடிந்தால் தங்கமும் அந்த வழியேதான் போகும்.

நீலக்கல்:
"மலிவாக" என்ற இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 1980இல் அமெரிக்காவின் பேர்க்லி ஆய்வுகூடத்தில் இரசாயனவியலாளர் சீபோர்க்கின் குழு பிஸ்மத்தில் இருந்து தங்க அணுக்களைச் செய்தது, சில ஆயிரம் அணுக்கள். ஜெனீவா அருகே உள்ள சேர்ன் துகள் ஆய்வுகூடத்தில் ஈய அணுக்கருக்களை உரசிப் போகவிட்டு 2015 முதல் 2018 வரை உண்டான தங்கம் 29 பிக்கோகிராம் (ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு). செலவைக் கேட்கவே வேண்டாம். ஐசோடோப் பாடம் எனக்குத் தேவையில்லை. விலை விழுந்தால்தான் திருப்பம், அதற்குரிய தங்கம் எங்கே?

வெள்ளவத்தை_44:
அப்படிக் கேளுங்கள் அக்கா. அண்ணன் மறந்த இன்னொன்றும் உண்டு. 1933 முதல் 1974 கடைசி வரை அமெரிக்காவில் தனியாள் தங்கக் கட்டி வைத்திருப்பது குற்றம். 1961இல் அந்தக் கட்டியை யாரிடம் விற்பது? அதனால்தான் நூறு வருடத் தூக்கம். இது புரியாமல் நிறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார். பதினொன்றோ பன்னிரண்டோ, கதைக்கு என்ன வித்தியாசம்?

உரைகல்:
பதினொன்று அல்ல. 12.44. வித்தியாசம் இல்லையென்றால் நீங்கள் ஏன் 28.35 என்று வந்தீர்கள்?

லொறிப்பட்டறை:
ஒரு கேள்வி. முழுக் கட்டியை ஏன் கொடுக்க வேண்டும்? தங்கம் மெத்தென்றதுதானே. உளியால் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்திருக்கலாமே.

உரைகல்:
நாலரை சென்ரிமீற்றர் தடிப்பு. உளி இறங்கும், ஆனால் பொருள் பிரியாமல் பக்கத்துக்குப் பிதுங்கும். இரும்பறுக்கும் வாளால் அறுக்க வேண்டும். அறுத்தால் தூள் மணலில் போகும். பட்டறையில் அந்தத் தூளுக்காகக் கீழே தோலை விரிக்கிறோம், தரையைக் கூட்டிய மண்ணையே விலைக்கு வாங்க ஆள் வரும். மேலும், துண்டை வாங்கச் சம்மதிக்க டி குரூஸ் என்ன அடகுக்கடை முதலாளியா? தண்ணீர் அவன் கையில். விலை அவன் வாயில்.

வெள்ளவத்தை_44:
போன தடவை பவுண் இழையிலும் இப்படித்தான். பவுண் 8 கிராம் என்று அடித்துச் சொன்னார், நாணயம் 7.98 என்று காட்டியதும் பதில் இல்லை. இப்போது தசமம் இரண்டு தானத்துக்குக் கணக்குக் காட்டுகிறார்!

உரைகல்:
பதில் அன்றே எழுதினேன், நீங்கள் வாசிக்கவில்லை. பிரித்தானிய நாணயம் 7.98, 22 கரட், அதில் சுத்தத் தங்கம் 7.32. செட்டியார் தெருவில் நகைக்குப் பவுண் என்றால் 8. அடகு வைக்கிற இடத்திலும் 8. நாணயத்தையும் நகையையும் குழப்பியது நீங்கள். இன்று அவுன்ஸைக் குழப்பியதும் நீங்கள்.

வெள்ளவத்தை_44:
ஃபார்வெல் எத்தனை கட்டி சுமந்தார் என்று இன்னும் சொல்லவில்லை. சொல்லுங்கள் பார்ப்போம். மூன்று என்றால் உங்கள் கணக்கிலேயே 37 கிலோ. நடக்கலாம்.

உரைகல்:
ஒன்று தண்ணீருக்குப் போனது. இரண்டு கேட்டபோது கையில் குறைந்தது இரண்டு கட்டியாவது இருந்திருக்க வேண்டும். வழியில் பாரம் தாங்காமல் எறிந்தவை வேறு. மூன்றில் எப்படி நிறுத்துகிறீர்கள்? காட்சியைத் திரும்பப் பார்த்து எண்ணிவிட்டு வாருங்கள்.

வெள்ளவத்தை_44:
எறிந்தவற்றை எண்ணாதீர்கள், அவை டி குரூஸின் பையில் இருந்து எடுத்தவையாக இருக்கலாம். கொன்றவர் பையைத் திறக்காமலா போவார்?

உரைகல்:
செத்தவன் கட்டியையும் சேர்த்தால் பாரம் கூடுமா குறையுமா?

லொறிப்பட்டறை:
பிரேக் வாஷருக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.