ஜிம்பாப்வே: அருவியோடு திரும்பிவிடாதீர்கள் (போய்வந்தவர்களின் அனுபவங்கள்)

தென்னாப்பிரிக்கா டூரோடு இரண்டு ராத்திரி சேர்த்துக்கொண்டு, விக்டோரியா அருவியைப் பார்த்துவிட்டு அப்படியே விமானம் ஏறுவதுதான் நம் ஆட்களில் பலருக்கு ஜிம்பாப்வே பயணம். அருவி பார்க்க வேண்டியதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் 1980-இல் விடுதலை அடைந்தபோது அந்த நாடு எந்த இடத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டதோ, அந்தக் கிரேட் ஜிம்பாப்வே என்ற பழைய கல் நகரத்தைப் பார்க்காமலே வந்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். போனவர்கள் நீங்களும் எழுதுங்கள்.

தலைநகர் ஹராரேயிலிருந்து தெற்கே மஸ்விங்கோ ஊர் சுமார் 300 கிலோமீட்டர், அங்கிருந்து இன்னும் அரை மணி நேரம். முதலில் குன்றின் மேல் ஏறுங்கள். பெரிய பெரிய கருங்கல் பாறைகளுக்கு நடுவே ஓர் ஆள் மட்டும் நுழையும் இடுக்கு, பாறை எங்கே முடிகிறது சுவர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டையும் இணைத்துக் கட்டியிருக்கிறார்கள். அப்புறம் கீழே இறங்கினால் பெரிய சுற்றுமதில். சுற்றளவு சுமார் 250 மீட்டர், சில இடங்களில் 11 மீட்டர் உயரம், சாந்து சுண்ணாம்பு எதுவும் கிடையாது, கல்லின் மேல் கல் மட்டும்தான். அந்தப் பக்கத்துக் கருங்கல் வெயிலிலும் குளிரிலும் பட்டை பட்டையாக உரியும். அதை எடுத்து உடைத்து, செங்கல் அளவுக்குத் தட்டி அடுக்கியிருக்கிறார்கள். 11-ஆம் நூற்றாண்டில் தொடங்கி 15-ஆம் நூற்றாண்டு வரை இந்த வேலை நடந்திருக்கிறது. மதிலுக்குள் ஒடுக்கமான ஒரு நடைபாதை வழியாகப் போனால் கூம்பு வடிவக் கோபுரம் வரும். உள்ளே புதையல் இருக்கும் என்று நோண்டிப் பார்த்தவர்கள் உண்டு, ஆனால் அது உள்ளும் கல்லாலேயே நிரம்பிய கோபுரம்.

எங்களோடு வந்த வழிகாட்டி நடுவயதுக்காரர். அந்த மதிலில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "என் அப்பா பள்ளியில் படித்தபோது இதை வேறு யாரோ வந்து கட்டியதாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்" என்றார். அவர் சொன்னது சாதாரண விஷயம் இல்லை. 1871-இல் இங்கே வந்த கார்ல் மாவ்க் என்ற ஜெர்மானியர் இதை பைபிளில் வரும் ஷீபா ராணியோடு முடிச்சுப் போட்டார். அப்புறம் இந்த இடத்தின் பொறுப்பில் இருந்த ரிச்சர்ட் ஹால், ஆப்பிரிக்கர்கள் விட்டுச்சென்ற அடுக்குகளைக் குப்பை என்று நினைத்து வாரி வெளியே கொட்டினார். ஆராய்ச்சிக்கு மிஞ்ச வேண்டிய மண் அது, இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. தொல்லியல் ஆய்வாளர்களான ராண்டால் மக்கைவர் 1905-இலும், கெர்ட்ரூட் கேட்டன் தாம்ப்சன் 1929-இலும் தோண்டிப் பார்த்து இது ஆப்பிரிக்கர்கள் கட்டியதுதான் என்று தெளிவாகச் சொன்ன பிறகும், ரொடீஷியாவின் (ஜிம்பாப்வேயின் பழைய பெயர்) வெள்ளையர் அரசு அதை ஏற்க மறுத்தது. நாட்டின் பெரும்பான்மையினரான ஷோனா மக்களின் முன்னோர் கட்டியது என்று எழுதுவதே அரசியல் குற்றம் போல இருந்த காலம்.

அங்கே கிடைத்த பொருட்களில் சீனப் பீங்கான் துண்டுகள், பாரசீகக் கிண்ணத் துண்டுகள், இந்தியக் கண்ணாடி மணிகள் எல்லாம் உண்டு. பதிலுக்குத் தங்கமும் தந்தமும் இன்றைய மொசாம்பிக்கில் இருக்கும் சொஃபாலா துறைமுகம் வழியாகக் கடலுக்குப் போயின. நம் கடலின் மறுகரையில் இப்படி ஒரு நகரம் இருந்தது என்று பள்ளியில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. மாக்கல்லில் செதுக்கிய பறவைகளைத் தளத்தின் அருங்காட்சியகத்தில் தவறாமல் பாருங்கள், நாட்டின் கொடியில் இருப்பது அந்தப் பறவைதான்.

*

மஸ்விங்கோ பற்றி எழுதியதற்கு நன்றி அக்கா. நான் அருவியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே போகிறவர்களுக்கும் சரியான தகவல் கிடைப்பதில்லை.

எந்த மாதம் போகிறீர்கள் என்பதுதான் முக்கியம். அருவி இருப்பது ஜிம்பாப்வே, ஜாம்பியா எல்லையில். ஏப்ரல் வாக்கில் ஜாம்பேசி ஆறு நிரம்பி ஓடும். சுமார் 1,700 மீட்டர் அகலத்துக்கு, நூறு மீட்டருக்கு மேல் ஆழமான பிளவுக்குள் தண்ணீர் விழும்போது எழும்பும் சாரல் மேலே போய் மழையாகத் திரும்பி வரும். எதிரே நின்றால் சத்தம் நெஞ்சுக்குள் கேட்கும், தொப்பலாக நனைவோம், ஆனால் வெள்ளையைத் தவிர கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அக்டோபர், நவம்பரில் தண்ணீர் குறைந்து ஜாம்பியா பக்கம் வெறும் பாறையாகக் கிடக்கும், அப்போது ஜிம்பாப்வே பக்கம்தான் போக வேண்டும். ஜூன், ஜூலை இரண்டுக்கும் நடுவே நல்ல காலம். பௌர்ணமி ராத்திரிகளில் பூங்காவைத் திறந்துவைப்பார்கள், நிலா வெளிச்சத்தில் சாரலுக்குள் வானவில் தெரியும். முடிந்தால் அந்த ராத்திரியைக் கணக்குப் பண்ணிப் போங்கள்.

1905-இல் கட்டிய இரும்புப் பாலத்தில் நடந்தும் போகலாம், நடுவில் நாட்டு எல்லை. அந்தப் பக்கம் பழைய பணத்தை விற்கும் பையன்கள் நிற்பார்கள். நூறு டிரில்லியன் ஜிம்பாப்வே டாலர் நோட்டு, விலைவாசி கட்டுக்கடங்காமல் ஏறிய காலத்தில் 2009-இல் வெளியிட்டது. நான் ஒன்று வாங்கினேன். அதை விற்ற இளைஞர், "இந்த நோட்டு புழங்கிய காலத்தில் என் அம்மாவின் சேமிப்பு முழுக்கப் போய்விட்டது" என்றார். அவர் அதற்கு மேல் பேசவில்லை, நானும் பேரம் பேசவில்லை. அந்த நோட்டில் ஒன்றின் மேல் ஒன்று நிற்கிற பாறைகள் இருக்கும், அவை ஹராரே பக்கத்தில் எப்வொர்த் என்ற இடத்தில் நிஜமாகவே நிற்கின்றன.

*

ஜாம்பியா தலைநகர் லூசாகாவில் வேலை பார்த்தபோது, ஜாம்பேசி ஆற்றின் குறுக்கே கட்டிய கரீபா அணைக்குப் போயிருக்கிறேன். எல்லையே அணையின் மேல்தான், கீழே 128 மீட்டர் பள்ளம். 1955-இல் தொடங்கி 1959-இல் முடித்தார்கள். கொள்ளளவில் உலகத்தின் மிகப் பெரிய செயற்கை ஏரி அது, நீளமே 280 கிலோமீட்டர். படகில் போனால் செத்த மரங்கள் இன்னமும் தண்ணீருக்கு மேலே நிற்கும், மூழ்கிய காடு. ராத்திரியில் ஏரி முழுக்க விளக்குப் படகுகள், வெளிச்சத்தைக் காட்டி கபெண்டா மீன் பிடிப்பார்கள். நம் ஊர் நெத்திலி மாதிரியே இருக்கும், காயவைத்தும் விற்பார்கள், சட்சா என்கிற சோளமாவுக் களியோடு சாப்பிடுவார்கள். அந்த மீன் இந்த ஏரிக்குச் சொந்தமில்லை, தங்கனீக்கா ஏரியிலிருந்து கொண்டுவந்து விட்டது.

எங்கள் படகை ஓட்டியவர் டோங்கா இனத்துப் பெரியவர். தன் அம்மா பிறந்த ஊர் எங்கே என்று கேட்டதற்குத் தண்ணீரைக் கையால் காட்டினார். ஏறக்குறைய 57,000 டோங்கா மக்களை அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து கிளப்பினார்கள். தண்ணீர் ஏறியபோது மாட்டிக்கொண்ட விலங்குகளைப் படகில் காப்பாற்றிய 'ஆபரேஷன் நோவா' உலகப் புகழ் பெற்றது, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குகளை மீட்டார்கள், நல்ல காரியம்தான். ஆனால் கிளப்பப்பட்ட மனிதர்களைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. ஆற்றின் தெய்வம் நியாமி நியாமிக்குக் கோபம் வந்துதான் 1957-லும் 1958-லும் வெள்ளம் வந்து கட்டுமானத்தை அடித்துப்போனது என்று டோங்கா மக்கள் சொல்வார்கள். அவர் அதைக் கதையாகச் சொல்லவில்லை, நடந்ததாகத்தான் சொன்னார். அங்கே போகிறவர்கள் அணையைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பாமல், உள்ளூர் ஆட்களோடு கொஞ்ச நேரம் பேசுங்கள்.

*

ஹ்வாங்கே பூங்காவை விட்டுவிட்டீர்களே! யானைகள் கூட்டம் கூட்டமாக வரும். ஒரு விஷயம் அங்கே போன பிறகுதான் தெரிந்தது, மழை இல்லாத மாதங்களில் அங்கே இயற்கையான தண்ணீர் ஏறக்குறைய கிடையாது. நாம் பார்க்கிற குட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து பம்ப் வைத்துத்தான் நீர் ஏற்றுகிறார்கள். பம்ப் நின்றால் யானைகள் சாகும். பம்ப் பார்க்கிறவர்கள் காட்டுக்குள்ளேயே தங்கி ராத்திரி பகலாக அதை ஓட்டுகிறார்கள். பார்த்தால் ஒரு வணக்கம் சொல்லுங்கள்.

*

எல்லோரும் எழுதியதில் மனசு நிறைந்தது. குழந்தைகளோடு போகலாமா என்று தனியாகக் கேட்டிருந்தவருக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் போகலாம். ஹராரே, மஸ்விங்கோ, அங்கிருந்து புலவாயோ, வழியில் ஹ்வாங்கே, கடைசியில் அருவி என்று போனால் ஒரே பாதையில் முடியும். புலவாயோவுக்குத் தெற்கே மடோபோ குன்றுகளை விடாதீர்கள். அந்தப் பகுதியின் தொல்குடி வேட்டைக்காரர்களான சான் மக்கள் வரைந்த ஒட்டகச்சிவிங்கிகள் ந்ஸ்வாதுகி குகைச் சுவரில் இன்னும் தெளிவாக இருக்கின்றன. பொமொங்வே குகையில் மட்டும் பாதுகாக்கிறோம் என்று பல வருடம் முன்னால் எண்ணெய் பூசி ஓவியங்களைக் கெடுத்துவிட்டார்கள். இந்த நாட்டைப் பிரிட்டிஷ் காலனியாக்கிய செசில் ரோட்ஸின் கல்லறையும் அதே குன்றுகளில்தான், உள்ளூர் மக்கள் புனிதமாகக் கருதும் உச்சியில். அது அங்கே இருக்க வேண்டுமா என்று அந்த நாட்டில் இன்னமும் சண்டை நடக்கிறது, என்னைக் கேட்டால் இருக்கக் கூடாது.

ராத்திரி கார் ஓட்டாதீர்கள், ரோட்டில் மாடுகள் படுத்திருக்கும், விளக்கு இருக்காது. அருவி, கரீபா, ஹ்வாங்கே எல்லாம் மலேரியா உள்ள இடங்கள், கிளம்பும் முன்பே டாக்டரைப் பாருங்கள். சின்ன அமெரிக்க டாலர் நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள், சில்லறை கிடைக்காது. ஜூன், ஜூலையில் காலையில் நல்ல குளிர், ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.