சிறுநீரில் கால்சியம் கூடினால் குழந்தையின் புரதத்தைக் குறைக்கலாமா?

நெஃப்ரான்: பேச எடுத்துக்கொண்ட ரிப்போர்ட்: 6 வயது, 20 கிலோ. 24 மணி நேரச் சிறுநீரில் கால்சியம் 110 மி.கி., சோடியம் 130 மில்லி ஈக்விவலன்ட், கிரியேட்டினின் (தசையிலிருந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும் கழிவு) 520 மி.கி. கிலோவுக்கு 4 மி.கி. என்று பார்த்தால் கால்சியம் 80-க்குள் இருக்க வேண்டும். சாப்பாட்டில் 2 முட்டை, 600 மி.லி. பால், சிக்கன், அதற்கு மேல் புரோட்டீன் பவுடர். புரதம் 60 கிராமைத் தாண்டுகிறது. தேவை சுமார் 20. புரதத்திலுள்ள அமினோ அமிலங்களான மெத்தியோனின், சிஸ்டீன் இரண்டிலும் உள்ள கந்தகம் உடலில் அமிலமாகிறது. அதனால் சிறுநீரகம் கால்சியத்தை மீட்பது குறைகிறது, சிறுநீரகக் கல்லைத் தடுக்கும் சிட்ரேட்டும் குறைகிறது. பவுடரோடு முட்டை, பாலையும் பாதியாக்குங்கள்.

கீரைத்தண்டு: பவுடரை நிறுத்துவதில் எனக்கும் சம்மதம். பாலில் கை வைக்காதீர்கள். குடலில் கால்சியம் குறைந்தால் உணவிலுள்ள ஆக்ஸலேட்டை (சிறுநீரில் கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகும் பொருள்) கட்டிப்போட ஆள் இல்லை. அது ரத்தத்தில் ஏறி சிறுநீரில் இறங்கும். வளர்கிற எலும்புக்கும் நஷ்டம். நீங்கள் தாண்டிப் போனது சோடியம். 130 என்றால் ஏறக்குறைய ஏழரை கிராம் உப்பு, ஒன்றரை டீஸ்பூன். பெரியவர்களுக்கே 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிறுநீரகக் குழாயில் சோடியம் மீளாமல் போனால் கால்சியமும் கூடவே போகும். ஊறுகாய், அப்பளம், சிப்ஸ், நூடுல்ஸ் மசாலா, இவைதான் முதலில் போக வேண்டும்.

நெஃப்ரான்: இத்தாலியின் பார்மாவில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில் இறைச்சியைக் குறைத்துத்தானே பலன் கிடைத்தது? 5 ஆண்டில் கல் திரும்ப வந்தது 60 பேரில் 12 பேருக்கு, எதிர்க்குழுவில் 23.

கீரைத்தண்டு: அந்த 12 பேரின் குழு உப்பையும் சேர்த்துக் குறைத்தது, கால்சியத்தை வழக்கமான அளவிலேயே சாப்பிட்டது. கால்சியத்தைக் குறைத்தவர்கள்தான் அந்த 23. எல்லோரும் வளர்ந்த ஆண்கள். குழந்தைக்கு அப்படியே பொருத்த முடியாது.

லேப் மேசை: இரண்டு பேரும் கிரியேட்டினினைப் பாருங்கள். இந்த வயதில் கிலோவுக்கு 15 முதல் 20 மி.கி., அதாவது 300 முதல் 400. இங்கே 520. இறைச்சி கொஞ்சம் ஏற்றும், இவ்வளவு ஏற்றாது. இரண்டு நாள் காலையின் முதல் சிறுநீரும் கேனில் விழுந்திருக்கும், அதனால் கால்சியமும் கூடித் தெரியும். முதல் நாள் காலை எழுந்ததும் போவதை வெளியே விட்டு, மணியைக் குறித்துக்கொண்டு, மறுநாள் அதே நேரத்துச் சிறுநீரோடு முடிக்க வேண்டும். கேனில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். குழந்தை நேராக அதில் போகக் கூடாது, கப்பில் பிடித்து ஊற்றுங்கள். அமிலம் இல்லாவிட்டால் கால்சியம் அடியில் படிந்து அளவு குறைவாக வரும்.

நெஃப்ரான்: சரி, ஒப்புக்கொள்கிறேன். கால்சியம்-கிரியேட்டினின் விகிதம் 0.21 வருகிறது, 7 வயதுக்கு மேல் 0.2 வரம்பு, அதற்குக் கீழே இன்னும் தாராளம். மறுபடி சேகரிக்கட்டும். ஆனால் புரதம் மூன்று மடங்கு என்பது மாறவில்லை.

கீரைத்தண்டு: அதற்குத்தான் பவுடரை நிறுத்தச் சொன்னேன். பாலை அப்படியே இருக்க விடுங்கள். அடுத்த முறையும் சோடியத்தைச் சேர்த்தே அளக்கச் சொல்லுங்கள்.