தைராய்டு மாத்திரை போட்டும் மலச்சிக்கல் விடவில்லை: மெட்டபாலிசம் பவுடர் வாங்கலாமா?

கேள்வி: தையல்கடை_ஈரோடு

வயது 43. தையல் கடை வைத்திருக்கிறேன், பகல் முழுக்க மிஷின் முன்னாடிதான். தீபாவளி சமயத்திலிருந்தே வயிறு சரியாகப் போவதில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை, அதுவும் முக்கித்தான். சாப்பாட்டைக் குறைத்தும் எடை ஏறுகிறது. என் பிளவுஸையே பிரித்துத் தைத்தாயிற்று. ரத்தம் பார்த்ததில் டிஎஸ்எச் (தைராய்டு குறைந்தால் ஏறுகிற அளவு) 14. டாக்டர் தைராய்டு மாத்திரை 50 மைக்ரோகிராம் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்தும் 9தான். 75 ஆக்கலாம் என்கிறார்.

எழுந்ததும் தைராய்டு மாத்திரையும் கேஸ் மாத்திரை பான்டப்ரசோலும் சேர்த்துப் போடுவேன், உடனே பால் காபி. இப்போது பக்கத்துத் தெரு அக்கா காலைச் சாப்பாட்டுக்குப் பதிலாக சோயா பவுடர் குடிக்கச் சொல்கிறார். டப்பா 2,000 ரூபாய். மெட்டபாலிசம் ஏறினால் வயிறு தானாகச் சரியாகுமாம். உண்மையா?

பதில்: கொடுமுடிக்காரி

2,000 ரூபாய்க்குக் கொய்யாவும் கீரையும் வாங்கிச் சாப்பிடுங்க அக்கா. எங்கள் அம்மாவுக்கும் விடிந்ததும் காபி இல்லாமல் ஆகாது. அதனால் டாக்டரே மாத்திரையை ராத்திரிக்கு மாற்றிவிட்டார். ஏழு மணிக்குச் சாப்பாடு, பத்தரைக்கு மாத்திரை.

பதில்: மருந்துக்கடை_பெரியவர்

அந்த அக்கா சொல்வதில் பாதி சரிதான் அம்மா. தைராய்டு ஹார்மோன் குறைந்தால் உடம்பு முழுக்க வேகம் தணிகிறது. குடல் தசையும் அதில் சேர்த்திதான். சாப்பிட்டது மெதுவாக நகரும். பெருங்குடலில் அதிக நேரம் தங்குவதால் அங்கே தண்ணீர் உறிஞ்சப்பட்டு மலம் இறுகிவிடும். ஏறிய எடையிலும் கொழுப்பைவிட உடம்பில் தேங்கும் உப்பும் நீரும்தான் அதிகம்.

இன்னொரு பாதியை அவர் சொல்லவில்லை. குடல் ஹார்மோனை நம்பியிருக்கிற மாதிரி, மாத்திரையும் வயிற்றை நம்பித்தான் இருக்கிறது. நீங்கள் போடும் தைராய்டு மாத்திரை, அதாவது லெவோதைராக்ஸின், நன்றாகக் கரைய இரைப்பையில் அமிலம் வேண்டும். பான்டப்ரசோல் அந்த அமிலத்தைத்தான் குறைக்கிறது. கரைந்த மருந்து சிறுகுடலில் ரத்தத்தில் சேர வேண்டிய நேரத்தில் காபி போனால் சேர்வது குறையும். சோயாவும் அப்படித்தான். அந்த டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் கால்சியமும் இரும்பும் சேர்த்திருப்பார்கள். இரண்டுமே மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மெட்டபாலிசத்தை ஏற்றுவதாகச் சொல்லி விற்கிற பவுடரே உங்கள் மருந்தை மறித்தால் எப்படி இருக்கும்!

என்னைக் கேட்டால், 75க்குப் போகும் முன் காலை வழக்கத்தை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். கவுண்டரில் நான் பார்த்தவரை யாரும் காபியைப் பற்றி டாக்டரிடம் வாயே திறப்பதில்லை. வெறும் தண்ணீரில் மாத்திரை, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி. உடம்பில் இந்த மருந்து பாதியாகக் குறையவே ஏழு நாள் பிடிக்கும், அதனால் எந்த மாற்றமும் ரத்தத்தில் தெரிய ஆறு வாரமாவது ஆகும். பத்தாம் நாளே லேபுக்கு ஓடாதீர்கள்.

தையல்கடை_ஈரோடு

அப்படியானால் கேஸ் மாத்திரையை நிறுத்திவிடட்டுமா? இசப்கோல் வீட்டில் இருக்கிறது, அது பரவாயில்லையா? முட்டைக்கோஸ் கூடாது என்றும் சொல்கிறார்களே.

மருந்துக்கடை_பெரியவர்

நீங்களாக நிறுத்த வேண்டாம். எதற்காகக் கொடுத்தார், இன்னும் தேவையா என்று கேளுங்கள். வெறும் வயிற்று உப்புசத்துக்கென்றால் அந்த உப்புசமே மந்தமான வயிற்றால் வந்ததாக இருக்கலாம். இசப்கோல் ராத்திரி ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு. தண்ணீர் குறைந்தால் இன்னும் கட்டிக்கொள்ளும். காலை மாத்திரை பக்கம் அதைக் கொண்டுவராதீர்கள். வேக வைத்த முட்டைக்கோஸ் பொரியல் தாராளமாகச் சாப்பிடலாம். மதியம் மிஷினை விட்டு எழுந்து கொஞ்சம் நடங்கள்.

டிஎஸ்எச் அளவுக்குள் வந்த பிறகும் வயிறு இப்படியே இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும். மலத்தில் ரத்தம், கறுத்த மலம், காரணமில்லாமல் எடை இறங்குவது, இதில் ஒன்று வந்தாலும் ஆறு வாரம் பார்க்காமல் அன்றே டாக்டரிடம் போங்கள்.