சாட்ஸ்வொர்த் வீட்டில் ஆர்ட்டீமியா

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆர்ட்டீமியா என்றால் மீனுக்குப் போடும் தீனி என்றுதான் பலருக்கும் தெரியும். நான் அந்த உப்பு இறாலையே ஆசையாக வளர்க்கிறேன். சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலோரம், வாய் அகன்ற பெரிய கண்ணாடி ஜாடியில் இருக்கின்றன. வளர்க்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தினமும் உற்றுப் பாருங்கள். அதன் உடம்பில் ஒளிவுமறைவே கிடையாது. என்ன வேண்டும் என்பது வெளியிலேயே தெரிந்துவிடும்.

முட்டையிலிருந்து குஞ்சு வரவைப்பது கஷ்டமில்லை. லிட்டருக்கு 30 கிராம் அயோடின் சேர்க்காத உப்பு, 25 முதல் 28 டிகிரி சூடு, நல்ல வெளிச்சம், காற்றுக் குமிழி. இவை இருந்தால் ஒன்றரை நாளுக்குள் ஆரஞ்சுப் புள்ளிகளாகக் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால் ஒரு நாள் திறந்துவைத்த பிறகுதான் உப்பைக் கரைப்பேன். ஜூலைக் குளிரில் ஜாடியை ஹீட்டருக்குப் பக்கத்தில் நகர்த்திவைக்க வேண்டும்.

அப்புறம் தீனி. இங்கேதான் பாதிப் பேருடைய ஜாடி நாறிப்போகிறது. பிறந்த உடனே எதுவும் வேண்டாம், உடம்பிலேயே மஞ்சள் கரு இருக்கிறது. அடுத்த நாளிலிருந்து ஸ்பைருலினா என்கிற பச்சைப்பாசித் தூளில் துளி எடுத்து, தண்ணீரில் குலுக்கி விடலாம். தண்ணீர் பச்சையாகக் கலங்கியிருந்தால், தெளியும் வரை போடவே கூடாது. லென்ஸ் வைத்துப் பாருங்கள், நடு உடம்பில் பச்சை நூல் ஒன்று ஓடும். அதுதான் குடல். நூல் அறுபடாமல் இருந்தால் வயிறு நிறைந்திருக்கிறது.

2023-இல் லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்து கரண்ட்டை நிறுத்துவது, எப்படி வாட்டியது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காற்று பம்ப் அடிக்கடி நின்றது. சில நாளில் என் மகன், "அம்மா, இதுங்க சிவப்பா மாறுதும்மா" என்றான். உண்மைதான். ஆக்சிஜன் குறைந்தால் ஆர்ட்டீமியா ஹீமோகுளோபினைக் கூடுதலாகச் செய்துகொள்ளும், அதனால்தான் அந்தச் சிவப்பு. கூட்டத்தைக் குறைத்தேன், ஆழமில்லாத அகலத் தட்டுக்கு மாற்றினேன், கரண்ட் இல்லாத நேரத்தில் ஒரு குவளை தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். பிழைத்துக்கொண்டன.

எங்கள் ஆயாவுக்கு இதில் ரொம்பப் பிடித்தது அது மல்லாந்து நீந்துவது. வயிறு எப்போதும் வெளிச்சத்தைப் பார்த்திருக்கும். இருட்டில் ஜாடிக்கு அடியிலிருந்து டார்ச் அடித்தால் அத்தனையும் ஒரேயடியாகப் புரளும். ஆயா அதை மறுபடி மறுபடி செய்யச் சொல்லுவார்.

வளர்ந்தபின் ஒரு சென்டிமீட்டர் நீளம் வரும். ஆணுக்குத் தலையில் இடுக்கி போன்ற கொம்பு இருக்கும். அதனால் பெண்ணைப் பிடித்தபடி நாள்கணக்கில் கூடவே நீந்தும். பெண்ணின் முட்டைப் பையைக் கவனியுங்கள். நிலைமை நன்றாக இருந்தால் குஞ்சாகவே ஈனும். உப்பு ஏறினாலோ காற்று போதாவிட்டாலோ ஓடு கெட்டித்த பழுப்பு முட்டைகளாக இடும். அவை காய்ந்து பல வருஷம் தாங்கும். பழுப்பு முட்டை அடிக்கடி வந்தால் நான் முதலில் உப்பைத்தான் சந்தேகப்படுவேன். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தானே, உப்பு அப்படியே தங்கிவிடும். ஜாடியில் பேனாவால் கோடு போட்டுவைத்து, குறைந்த அளவுக்கு வெறும் தண்ணீரையே ஊற்றுங்கள்.

இன்னொன்று. கடையில் விற்கும் முட்டைகளில் பல அமெரிக்க இனம், யூட்டாவின் கிரேட் சால்ட் லேக் பக்கத்து வரவு. மத்தியதரைக் கடலோர உப்பளங்களில் அது நுழைந்து உள்ளூர் இனங்களை விரட்டியிருக்கிறது. நம் நாட்டிலும் ஸ்வார்ட்காப்ஸ் மாதிரி பூநாரைகள் வந்து மேயும் உப்பளங்கள் உண்டு. ஆகவே ஜாடித் தண்ணீரை ஆற்றுமுகத்திலோ உப்பளத்திலோ தயவுசெய்து கொட்டாதீர்கள். அதிகமானவற்றை மீன் வளர்க்கும் நண்பர்களுக்குக் கொடுத்துவிடலாம்.