வீட்டு பிளக்கில் கேரவன் பேட்டரி: பெங்களூரு அனுபவங்கள்

கே.ஆர். புரத்திலிருந்து:

டெம்போ டிராவலரை, உள்ளேயே தங்கிப் பயணிக்கும் கேரவனாக மாற்றி வைத்திருக்கும் நம்மவர்கள் கூடும்போதெல்லாம் ஒரே பேச்சு: வண்டியை நிறுத்த இடம் கிடைத்துவிட்டது, கரண்ட்தான் கிடைக்கவில்லை. அதனால் என் அனுபவத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் இருப்பது வாடகை வீடு. வாசலில் இருப்பது ஒரே ஒரு 6 ஆம்பியர் பிளக். அதுவும் வீட்டுக்கார அம்மாவின் லைனில் இருக்கிறது. அந்த வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட சுமை 2 கிலோவாட். காலையில் அவர்கள் கீசரைப் போட்டிருக்கும் நேரத்தில் வண்டியின் வயரைச் செருகினால், சுமை மீறியதும் லைனைத் துண்டிக்கும் எம்சிபி ட்ரிப் ஆகிவிடும். அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜும் சேர்ந்து நின்றுவிடும். "வண்டி நிற்கட்டும், ஆனால் இனி இதைச் செருக வேண்டாம்" என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் பக்கம் நியாயம் இருந்தது.

எங்கள் தெருவில் வெகுகாலமாக வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் கையில், வயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தது. வண்டிக்குள் இருந்த ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஓடவிட்டு அளந்தார். ஏசி, தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர், மைக்ரோவேவ் எல்லாம் ஆயிரம் வாட்டுக்கு மேல் போயின. பேட்டரி சார்ஜர் மட்டும் ஓடியபோது மீட்டர் 2 ஆம்பியரைக் கொஞ்சம் தாண்டியது. "பேட்டரி இழுப்பது இவ்வளவுதான், தம்பி. மற்றதெல்லாம் நீங்கள் உள்ளே ஓட்டுகிற சாமான்கள்" என்றார்.

கணக்குப் போட்டாலும் அதேதான் வருகிறது. என்னிடம் இருப்பது 30 ஆம்பியர் சார்ஜர். 14.4 வோல்ட்டில் அது பேட்டரிக்குக் கொடுப்பது சுமார் 430 வாட். சார்ஜருக்குள் சூடாக வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து ஏறத்தாழ 500 வாட் எடுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்கு 1380 வாட் வரை எடுக்கலாம். ஆக, பாதி கூட ஆகவில்லை. வண்டி முழுவதையும் வீட்டு லைனில் தொங்கவிடுவதுதான் சிக்கல். சார்ஜரை மட்டும் தனியாகச் செருகினால் எந்த வீட்டு பிளக்கும் தாங்கும்.

அவரே சார்ஜருக்கு ஒரு தனி வயரைப் பிரித்துக் கொடுத்தார். சார்ஜரில் மின்னோட்டத்தைக் குறைக்கும் அமைப்பு இருந்ததால் 10 ஆம்பியருக்கு இறக்கி வைத்தோம். இரவு பத்து மணிக்குப் போட்டுக் காலை ஆறு மணிக்கு எடுத்தால் 10 ஆம்பியர் எட்டு மணி நேரம், அதாவது 80 ஆம்பியர் மணி ஏறும். வீட்டிலிருந்து எடுப்பது ஒரு பழைய மின்விசிறியும் இரண்டு குண்டு பல்புகளும் எடுக்கும் அளவுதான். என்னுடையது லெட் ஆசிட் பேட்டரி. கடைசி 20 சதவீதத்தில் அது தானாகவே மெதுவாகத்தான் ஏற்றுக்கொள்ளும். அங்கே பெரிய சார்ஜர் வைத்தாலும் நேரம் பெரிதாக மிச்சமாகாது. அம்மா மறுநாள் தன் மீட்டரைப் பார்த்துவிட்டு, மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து:

ஐயா எழுதியது தனி வீட்டு நிலவரம். அடுக்குமாடிக் குடியிருப்பில் வேறு விதமான தொல்லை. அடித்தளத்தில் இருக்கும் பிளக் பொது மீட்டரில் சேர்ந்தது. வண்டியைச் செருகிய அன்றே சங்கச் செயலாளர் இறங்கி வந்துவிட்டார். "மற்றவர்கள் பணத்தில் உங்கள் வண்டி சார்ஜ் ஆகிறதா?" என்று கேட்டார். கோபமாகப் பேசினாலும் கேள்வி சரியானது என்பதால் அந்த பிளக்குக்கு ஒரு சப் மீட்டர் வைத்துக் கொடுத்தேன். பாதி காலியான 200 ஆம்பியர் மணி பேட்டரியை நிரப்பச் சேதாரம் உட்பட ஒன்றரை யூனிட் போலத்தான் ஆகிறது. மீட்டரைக் காட்டிய பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

மின்வெட்டின்போது ஜெனரேட்டர் ஓடும். எங்கள் வளாகத்தில் வீட்டுக்கு 1 கிலோவாட்தான் வரம்பு. மீறினால் லைன் துண்டிக்கப்படும். அந்த நேரத்தில் சார்ஜரை நிறுத்தி வைப்பதே நல்லது. மின்சாரம் திரும்பி வந்ததும் போட்டுக்கொள்ளலாம். பேட்டரி இரண்டு மணி நேரம் காத்திருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

வீட்டு யுபிஎஸ் லைனில் சார்ஜரைச் செருகலாமா என்று பலர் கேட்கிறார்கள். செருகவே கூடாது. ஒரு பேட்டரியைக் காலி செய்து இன்னொரு பேட்டரியை நிரப்புகிற வேலை அது. போகும்போதும் வரும்போதும் மின்சாரம் வீணாகிறது. வழக்கமான 150 ஆம்பியர் மணி பேட்டரி 500 வாட் சார்ஜருக்கு மூன்று மணி நேரம் கூடத் தாங்காது. அதன் பிறகு வீட்டில் விளக்கும் இருக்காது.

அல்சூரிலிருந்து:

எங்கள் சந்துக்குள் பெரிய வண்டி நுழையாது. வண்டியை வெளியே நிறுத்தி, வீட்டிலிருந்து முப்பது மீட்டர் வயர் இழுக்க வேண்டியிருக்கிறது. எனவே வயரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

பக்கத்துத் தெருவில் ஒருவர் டேபிள் ஃபேனுக்குப் போடும் 0.75 சதுர மில்லிமீட்டர் வயரைச் சுருளாகவே விட்டு, அதில் வண்டி ஏசியை ஓட்டிக்கொண்டிருந்தார். நான் தொட்டபோது சுருள் கொதித்தது. முப்பது மீட்டர் என்றால் மின்சாரம் போய்த் திரும்புவது அறுபது மீட்டர். 10 ஆம்பியர் ஓடினால் அந்த வயரில் 15 வோல்ட் வரை விழும்; 150 வாட் வெப்பம் வயருக்குள்ளேயே தங்கும். சுருளாக இருந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. உடனே அணைக்கச் சொல்லி, வயரை முழுவதும் பிரித்துப் போட வைத்தேன். நான் எஸ்.பி. ரோட்டில் 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் செம்புக் கம்பி வாங்கினேன். விலை அதிகம்தான். ஆனால் வோல்ட்டேஜ் வீழ்ச்சி மூன்றில் ஒரு பங்காகிறது.

மூன்றாவது கோர் எர்த்துக்கானது. அதைத் துண்டித்துவிட்டு இரண்டு பின் பிளக் மாட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வண்டியின் உடம்பு இரும்பு. மழை பெய்து ஈரத் தரையில் நின்று கதவைத் தொடுகிற பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். வீட்டில், மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் இஎல்சிபி அடிக்கடி விழுகிறது என்றால் அதைத் தாண்டி லைன் கொடுக்கச் சொல்லாதீர்கள். பெரும்பாலும் ஹீட்டர் காயிலில்தான் கசிவு இருக்கும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டினால் எது கசிகிறது என்று தெரிந்துவிடும்.

எலஹங்காவிலிருந்து:

வீட்டுக்கு வருவதற்கு முன்பே பேட்டரியை நிரப்பிவிட்டால் இந்தப் பாடு பாதியாகக் குறையும். எஞ்சின் ஓடும்போது அதோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் ஏற்ற 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வைத்திருக்கிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு வந்து சேர இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 60 ஆம்பியர் மணி ஏறிவிடும். கூரையில் இருக்கும் 100 வாட் சோலார் பேனல் நல்ல வெயில் நாளில் 25 முதல் 30 ஆம்பியர் மணி தருகிறது. ஜூலை, ஆகஸ்ட் மேகத்தில் பாதிகூட வருவதில்லை. தூங்குமூஞ்சி மர நிழலில் நிறுத்தினால் அதையும் மறந்துவிட வேண்டியதுதான். பேனலின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே மொத்த வரவும் சரிந்துவிடுகிறது.

கமனஹள்ளியிலிருந்து ஒரு கேள்வி:

என்னுடையது லித்தியம். வண்டி மாதக்கணக்கில் சும்மா நிற்கிறது. எப்போதும் பிளக்கில் போட்டே வைக்க வேண்டுமா? வீடு கிருஹ ஜோதி இலவச மின்சாரத் திட்டத்தில் இருக்கிறது. யூனிட் வரம்பைத் தாண்டிவிடக் கூடாது என்று மனைவி கவலைப்படுகிறார்.

கே.ஆர். புரத்திலிருந்து:

வேண்டாம், ஐயா. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியை நெடுநாள் சும்மா வைக்கும்போது பாதியளவு சார்ஜில் வைப்பதுதான் அதற்கு நல்லது. 50 அல்லது 60 சதவீதத்தில் வைத்து, வண்டியின் மெயின் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் எடுத்துவிடுங்கள். உங்கள் மனைவியின் கவலையிலும் அர்த்தம் இருக்கிறது. சார்ஜரும் வண்டியின் சில்லறைச் சாமான்களும் சேர்ந்து 20 வாட் எடுத்தால்கூட மாதம் 14, 15 யூனிட் ஆகிவிடும். என்னைப் போல லெட் ஆசிட் வைத்திருப்பவர்கள் அப்படி விட முடியாது. ஓய்வில் 12.7 வோல்ட் காட்ட வேண்டும், 12.4க்குக் கீழே இறங்க விட்டால் தகடுகளில் சல்பேட் படியும். அவர்கள் மாதம் ஒரு முறை ஓர் இரவு போட்டு எடுத்தால் போதும்.

பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரம்போல் 230 வோல்ட்டாக மாற்றும் வண்டி இன்வெர்ட்டரை மறக்காமல் அணையுங்கள். எதுவும் ஓடாதபோதும் அது ஒரு ஆம்பியர் வரை எடுக்கக்கூடும். ஒரு நாளைக்கு 24 ஆம்பியர் மணி என்றால் 100 ஆம்பியர் மணி பேட்டரி நான்கே நாளில் காலி. உங்கள் இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போது எவ்வளவு எடுக்கிறது என்று அளந்து பார்த்து இங்கே எழுதுங்கள்.