வானம் வெளுத்த பிறகுதான் வந்தது: பனிச்சரிவைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

மன்னார்குடி, ஓய்வுபெற்ற ஹவில்தார்:

என் அக்கா மகன் கும்பகோணத்தில் படிக்கிறான். தை மாதம் கூட்டாளிகள் நாலு பேரோடு உத்தராகண்டில் கேதார்கந்தா ஏறப் போகிறானாம். "பனி பெஞ்சு முடிஞ்சு வானம் வெளுத்த அன்னைக்கே ஏறிடணும் மாமா, போட்டோ அப்பதான் நல்லா வரும்" என்றான். அந்த ஒரு பேச்சு என்னைத் தூங்கவிடவில்லை. நம் தஞ்சாவூர், திருவாரூர், நாகை பக்கம் பட்டாளத்தில் இருந்தவர்கள், மலைக்குப் போய் வந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். பார்த்ததை எழுதுங்கள். முதலில் நானே சொல்லிவிடுகிறேன்.

1990களில் குப்வாரா பக்கம் இருந்தேன். காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் 40 நாளுக்கு 'சில்லே கலான்' என்று பெயர். நமக்கு மார்கழியில் ஆரம்பித்து தை நடுவில் முடியும் கணக்கு. இங்கே சம்பா பழுத்துத் தலை சாயும் நேரத்தில் அங்கே தண்ணீர்க் குழாய் உறைந்து கிடக்கும். நமக்கு மழை வங்கக் கடலிலிருந்து வருகிறது. அவர்களுக்குக் குளிர்காலப் பனி, மத்தியதரைக் கடல் பக்கம் கிளம்பி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வரும் 'மேற்கத்திய இடையூறு' என்ற காற்றழுத்தத் தாழ்வில் வருகிறது. ஒன்று போனால் நாலைந்து நாளில் அடுத்தது வந்து நிற்கும்.

அந்தத் தடவை மூன்று நாள் விடாமல் கொட்டியது. நாலாம் நாள் காலையில் வானம் கழுவிவிட்ட மாதிரி நீலம். மூன்று நாளாகப் பங்கருக்குள் புகாரி அடுப்பின் மண்ணெண்ணெய்ப் புகையிலேயே கிடந்தவர்களுக்கு அந்த வெயிலைப் பார்த்ததும் எப்படி இருந்திருக்கும்! கீழ்ப் போஸ்டுக்குப் போய் ரேஷன் எடுத்து வர எட்டுப் பேர் கிளம்பினோம். வழியில் ஒரு நாலா, அதாவது மலையிலிருந்து இறங்கும் ஓடை. அதைக் கடக்கும்போது ஆளுக்கு ஆள் இடைவெளி விட வேண்டும். இடுப்பில் நீளமான சிவப்புக் கயிற்றைக் கட்டிப் பின்னால் இழுபட விட்டிருந்தோம். பனி மூடினால் கயிற்றின் நுனியாவது வெளியே தெரியும் என்பதற்காக.

நாலு பேர் கடந்துவிட்டார்கள். நான் ஐந்தாவது. கரைக்குப் போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்க்கிறேன், தரைக்கு உள்ளிருந்து 'ஹும்ப்' என்று ஒரு சத்தம். களத்தில் நெல் மூட்டையைத் தோளிலிருந்து இறக்கிப் போட்டால் வருமே, அதே சத்தம். உடனே தலைக்கு மேலே சரிவில் ஒரு கோடு ஓடியது. சித்திரை வெயிலில் நம் வயல் பாளம் பாளமாக வெடிக்க ஒரு மாதம் ஆகும். அந்த வெடிப்பு மொத்தமும் கண் சிமிட்டுவதற்குள் நடந்தது. சரிவு முழுவதும் பலகை பலகையாகப் பெயர்ந்து இறங்கியது.

எனக்குப் பின்னால் நடுவில் இருந்த இரண்டு பேரையும் காணவில்லை. ஒருவனுடைய கயிறு ஒரு முழம் வெளியே கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டே தோண்டினோம். ஓடி வரும்போது மாவு மாதிரி இருந்த பனி, நின்ற மறுநொடி காய்ந்த களிமண்ணாக இறுகிவிட்டது. மண்வாரி இரண்டுதான் இருந்தது, மற்றவர்கள் கையால் பறித்தோம். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முகம் தெரிந்தது. உதடு நீலம், வாய் நிறைய பனி. விரல் விட்டு எடுத்ததும் இருமினான்.

இன்னொருவனின் கயிறு அவனோடு சேர்ந்து உள்ளேயே போய்விட்டது. கம்பால் குத்திக் குத்தித் தேடிக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவன் பாபநாசம் பக்கம். ஊரைச் சொல்ல மாட்டேன், அவன் வீட்டார் இதைப் படிக்கலாம். எடுக்கும்போது ஒரு கையுறை கழன்றிருந்தது. அந்தக் கை முகத்துக்கு முன்னால் குவிந்தபடி இருந்தது. மூச்சுக்கு இடம் பண்ணியிருக்கிறான்.

மாதங்கள் கழித்து, மலைப் பயிற்சி கொடுக்கும் ஒரு சுபேதார் சாப் எங்களுக்குப் பனியில் ஓர் ஆள் உயரக் குழி வெட்டிக் காட்டினார். மேலே ஒரு முழத்துக்குக் கெட்டியான புதுப் பனி. அடியில் இருந்ததை அள்ளிக் கையில் கொடுத்தார். வேதாரண்யம் உப்பளத்துக் கல்லுப்பேதான். எவ்வளவு அழுத்தினாலும் உருண்டை பிடிக்கவில்லை, விரல் இடுக்கில் பொலபொலவென்று கொட்டியது. குளிர் தொடங்கும் காலத்தில் பனி கொஞ்சமாகப் படிந்து கிடக்கும். அதன் மேலே காற்று கடும் குளிர், அடியில் தரை அந்த அளவுக்குக் குளிர்ந்திருக்காது. அடியிலிருந்து நீராவி மேலே ஏறி ஏறி, அடிப்பனி ஒன்றோடொன்று ஒட்டாத பெரிய மணிகளாக மாறிவிடும். அப்புறம் மூன்று நாள் பெய்கிற பனி முழுவதும் அந்த உப்பின் மேல்தான் உட்காருகிறது. 30 முதல் 45 டிகிரி சரிவென்றால் ஒரு ஆள் கால் வைத்தாலே போதும், அந்த உப்பு 'ஹும்ப்' என்று அமுங்கி மேல் பனி மொத்தமும் சரிந்துவிடும்.

பெய்வது நின்றுவிட்டால் ஆபத்தும் நின்றுவிட்டது என்று அன்று எங்களை நடத்திப் போனவர் நினைத்தார், நானும் நினைத்தேன். பெய்த பிறகு ஒன்றிரண்டு நாள்தான் மிக மோசம். வானம் வெளுத்தாலும் காற்று விடுவதில்லை, முகட்டுக்கு அந்தப் பக்கப் பனியை அள்ளி இந்தப் பக்கச் சரிவில் குவித்துக்கொண்டே இருக்கும். நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியும். புயலின் கண் தலைக்கு மேல் வந்து காற்று சட்டென்று ஓயும்போது, போய்விட்டது என்று வெளியே வருபவனைத்தானே எதிர்த் திசைக் காற்று அடிக்கிறது? 2018 நவம்பர் 16 நள்ளிரவில் கஜா வந்தபோது என் அம்மா யாரையும் வாசப்படி தாண்ட விடவில்லை.

திருவையாறு, ராணுவ வீரர் மனைவி:

அண்ணே, நான் மலையைப் பார்த்ததே இல்லை. ஆனா 2016 பிப்ரவரியை மறக்க முடியாது. 3ஆம் தேதி சியாச்சின்ல சோனம் போஸ்ட் மேல பனிச்சுவர் இடிஞ்சு விழுந்துச்சு. 19,600 அடி உயரம். மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஆளுங்க 10 பேர்னு டிவியில ஓடுது. என் வீட்டுக்காரர் அப்ப அதே சியாச்சின்ல வேற போஸ்ட்ல இருந்தார். போன் இல்லை. மாமியார் விளக்கை அணைய விடாம எண்ணெய் ஊத்திக்கிட்டே இருந்தாங்க. மூணாம் நாள் ரெண்டே நிமிஷம் போன் வந்துச்சு. "சாப்பிட்டியா"ன்னு கேட்டார். எனக்குப் பேச்சே வரலை.

ஆறு நாள் கழிச்சு அந்தப் பத்துப் பேர்ல ஹனுமந்தப்பாங்கிறவர் மட்டும் உயிரோட கிடைச்சார். சுமார் 25 அடிக்குக் கீழே. ஐஸை மெஷின் வெச்சு அறுத்துத்தான் எடுத்தாங்களாம், மோப்ப நாயும் கூட. 11ஆம் தேதி டில்லி ஆஸ்பத்திரியில போயிட்டார். அந்தப் பத்துப் பேர்ல நாலு பேர் தமிழ்நாடு. அதுக்கப்புறம் எங்க வீட்டுல யாரும் பனின்னா அழகுன்னு சொல்றதில்லை.

தஞ்சாவூர், மலையேற்றம் போய் வந்தவன்:

அண்ணன் சொன்ன 'ஹும்ப்' சத்தத்தை நானும் கேட்டிருக்கேன். அப்ப அது என்னன்னே தெரியாது. போன வருஷம் ஜனவரி, கேதார்கந்தா. 12,500 அடி, சாங்க்ரியில இருந்து ஏறணும். முதல் நாள் ராத்திரி ஒரு முழம் பனி. ரெண்டு மணிக்கு எழுப்புறேன்னு சொன்ன வழிகாட்டி எழுப்பவே இல்லை. விடிஞ்சதும் நாங்க சண்டை போட்டோம், ஆளுக்கு அவ்வளவு காசு கட்டியிருக்கோம்னு. அவர் பதில் சொல்லாம எங்களைக் கொஞ்ச தூரம் கூட்டிட்டுப் போய், கையிலிருந்த கம்பைச் சரிவு ஓரமா மெதுவா இறக்கினார். முதல்ல கெட்டியா இறங்குச்சு. அப்புறம் சட்டுனு ஒண்ணுமே இல்லாத மாதிரி உள்ளே போயிடுச்சு. அந்த நேரம்தான் அந்தச் சத்தம். அவர் முகம் மாறினதைப் பார்த்ததும் நாங்க வாயை மூடிட்டுத் திரும்பிட்டோம்.

எங்க அஞ்சு பேர்கிட்ட ஜாக்கெட், ஷூ எல்லாம் வாடகைக்கு இருந்துச்சு. மண்வாரி ஒண்ணு கூட இல்லை. புதைஞ்ச ஆளைத் தேடுற 457 கிலோஹெர்ட்ஸ் கருவின்னு ஒண்ணு இருக்குன்னே ஊருக்கு வந்துதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

நாகப்பட்டினம்:

பனிச்சரிவை இங்கிலீஷ்ல அவலாஞ்ச்னுதானே சொல்றாங்க? ஊட்டிக்குப் பக்கத்துல அவலாஞ்சின்னு ஒரு ஊர் இருக்கே, அங்கேயும் பனிச்சரிவு வந்ததா?

மன்னார்குடி, ஓய்வுபெற்ற ஹவில்தார்:

இல்லை தம்பி. அங்கே பழைய காலத்தில் வந்தது நிலச்சரிவு. வெள்ளைக்காரன் வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது.

தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரர் நல்லபடியாகத் திரும்பினார் என்று நம்புகிறேன். அந்த உயரத்துக்கு ஏறுவதற்கு முன்னால் படிப்படியாகத் தங்கவைத்து உடம்பைப் பழக்குவார்கள். ஆனால் பனிச்சுவர் இடிவதற்கு எந்தப் பழக்கமும் உதவாது.

தஞ்சாவூர் தம்பி, அந்த வழிகாட்டியை நினைத்துக் கும்பிடத் தோன்றுகிறது. கருவி பற்றி எழுதியது ரொம்பச் சரி. கால் மணி நேரத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர்தான். கீழேயிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க நேரமே கிடையாது, கூட இருப்பவன்தான் தோண்ட வேண்டும். 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத் பக்கம் மானாவில் ரோடு வேலைக்காரர்கள் 54 பேர் சிக்கியபோது 46 பேர் பிழைத்தார்கள். பலர் இரும்புக் கன்டெய்னருக்குள் இருந்தார்கள். நசுங்காமல் மூச்சுக்கு இடம் இருந்தது. சரிவில் நடப்பவனுக்கு அந்தக் கன்டெய்னர் கிடையாது.

இன்னொன்று. சண்டிகரில் டி.ஜி.ஆர்.இ. என்று ராணுவ ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. காஷ்மீர், லடாக், இமாச்சல், உத்தராகண்டுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை அவர்கள்தான் கொடுக்கிறார்கள். முன்பு மணாலியில் வேறு பெயரில் இருந்தது. மழை அறிவிப்பு பார்க்கிற மாதிரி அதையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இதையெல்லாம் அக்கா மகனுக்கு அனுப்பினேன். நேற்று ராத்திரி கூப்பிட்டான். திரும்பும் ரயிலை மூன்று நாள் தள்ளிப் போட்டிருக்கிறானாம், பனி பெய்தால் அடிவாரத்திலேயே உட்கார்ந்திருக்கத் தோதாக. மண்வாரி எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று கேட்கிறான். தஞ்சாவூர் தம்பி, சாங்க்ரியில் விசாரித்துச் சொல்ல முடியுமா?